கம்யூனிட்டி காலேஜில் படிச்சா நர்ஸ் ஆகலாமா? பணம் கட்டும் முன் பிளஸ்-2 மாணவிகள் தெரிந்து கொள்ள வேண்டியவை

சென்னை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுநாளே ஊர் முழுக்க மின்கம்பங்களில் தட்டி போர்டு தொங்க ஆரம்பித்து விடும். ‘ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்’, ‘100 சதவீதம் வேலை உத்தரவாதம்’, ‘10-ம் வகுப்பு பாஸ் போதும்’, ‘இன்றே சேருங்கள், சீருடை இலவசம்’ என்று கலர் கலராக விளம்பரம். கீழே ஒரு செல்போன் நம்பர். கல்லூரியின் முழு முகவரி மட்டும் இருக்காது.

அந்த நம்பருக்கு போன் போட்டால், “கம்யூனிட்டி காலேஜ்மா, அமெரிக்காவுல இருக்கிற மாதிரி. படிச்சு முடிச்சா நர்ஸ்தான்” என்று பதில் வருகிறது. மார்க் குறைவாக எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தவிக்கும் அப்பா-அம்மா, நகையை அடகு வைத்து பணத்தைக் கட்டி விடுகிறார்கள்.

வருடம் முடிந்து சான்றிதழோடு வேலை கேட்டுப் போகும்போதுதான் விஷயம் தெரிகிறது. “கவுன்சில் நம்பர் இருக்கா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். அந்த நம்பர் இல்லை என்றால் அவர் சட்டப்படி நர்ஸ் கிடையாது. போன பணமும் திரும்பாது, போன வருடமும் திரும்பாது.

அப்படியானால் கம்யூனிட்டி காலேஜ் நர்சிங் என்பது என்ன? நிஜமான நர்சிங் படிப்பில் சேர என்ன தகுதி வேண்டும்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் நிஜம்தான்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படித்து நர்ஸ் ஆகலாம் என்பது உண்மைதான். அங்கே ‘அசோசியேட் டிகிரி’ என்ற பெயரில் 2 வருட நர்சிங் படிப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்கு பிறகு ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கு கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. அப்போது மில்ட்ரெட் மாண்டாக் என்ற நர்சிங் பேராசிரியையின் யோசனைப்படி, 1952-ம் ஆண்டு சில கல்லூரிகளில் சோதனை முறையில் இந்த 2 வருட படிப்பு தொடங்கப்பட்டது. அது வெற்றி பெற்றதால் நாடு முழுக்க பரவியது.

அதற்காக யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து விட முடியாது. கம்யூனிட்டி காலேஜுக்குள் நுழைவது சுலபம். அங்கே நர்சிங் பிரிவுக்குள் நுழைவதுதான் கஷ்டம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், ஆங்கிலம், உளவியல் போன்ற பாடங்களை முதலில் முடித்து நல்ல கிரேடு வாங்க வேண்டும். பல கல்லூரிகள் ‘டீஸ்’ அல்லது ‘ஹெசி’ என்ற நுழைவுத்தேர்வையும் கேட்கும். தடுப்பூசி போட்ட ஆதாரம், போதைப்பொருள் பரிசோதனை, குற்றப்பின்னணி விசாரணை, முதலுதவி பயிற்சி சான்றிதழ் என்று பட்டியல் நீளும். இத்தனையும் இருந்தும் இடம் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு. முன்பாடங்களையும் சேர்த்தால் 2 வருட படிப்பு 3 வருடத்தை தொட்டு விடும்.

படிப்பு முடிந்ததும் ‘என்.கிளெக்ஸ்-ஆர்.என்.’ என்ற தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். 4 வருட பட்டம் படித்தவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். பாஸ் செய்தால் இருவருக்கும் ஒரே உரிமம். ஆனாலும் 4 வருட பட்டத்துக்கு மவுசு கூடி வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் 2017-ம் ஆண்டு இறுதியில் வந்த சட்டப்படி, புதிதாக வரும் நர்ஸ்கள் உரிமம் பெற்ற 10 வருடத்துக்குள் இளநிலை பட்டம் முடிக்க வேண்டும்.

ஆக, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் “இங்க கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சே நர்ஸ் ஆயிடுறாங்க” என்று போனில் சொன்னால் அது பொய் இல்லை. அதே பெயரை வைத்துக்கொண்டு இங்கே கல்லா கட்டுவதுதான் பிரச்சினை.

இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்றால்?

நம்ம பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜை ‘சமுதாயக் கல்லூரி’ என்பார்கள். புதுச்சேரியில் 1995-ம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழக சமுதாயக் கல்லூரி இந்தியாவில் இதற்கு முன்னோடி. பள்ளிப்படிப்பை பாதியில் விட்டவர்கள், குடும்ப கஷ்டத்தால் கல்லூரிக்கு போக முடியாதவர்கள் ஒரு கைத்தொழிலை கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்தவை இவை.

இந்த கல்லூரிகளில் ‘ஹெல்த் அசிஸ்டெண்ட்’, ‘பேஷண்ட் கேர்’ போன்ற சான்றிதழ், பட்டயப் படிப்புகள் உண்டு. நோயாளியை குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, சக்கர நாற்காலியில் அழைத்துப் போவது, காய்ச்சல், நாடித்துடிப்பு பார்ப்பது போன்ற உதவி வேலைகளுக்கு இதில் பயிற்சி தருகிறார்கள். ஆஸ்பத்திரிகளிலும், வயதானவர்களை வீட்டில் வைத்து பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிலும் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது. கவுரவமான வேலைதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த சான்றிதழை வைத்து நர்ஸாக பதிவு செய்ய முடியாது. அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பின்னாளில் பி.எஸ்சி. நர்சிங்கில் நேரடியாக 2-ம் வருடம், 3-ம் வருடம் சேரவும் முடியாது. “முதல்ல இதை படிங்க, அப்புறம் மேல போகலாம்” என்று ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். மேலே போக வேண்டும் என்றால் மறுபடியும் முதல் வருடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

உதவியாளர் படிப்பு என்று தெரிந்து சேர்ந்தால் தவறில்லை. நர்ஸ் ஆகிறோம் என்று நினைத்து சேர்ந்தால்தான் ஏமாற்றம்.

‘கவுன்சில் நம்பர்’ ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் நர்ஸ்களின் பதிவை கவனிப்பது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926-ம் ஆண்டு சென்னை மாகாண சட்டத்தின்படி வந்த அமைப்பு இது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்தவர்களுக்கு இங்குதான் பதிவு எண் கொடுக்கிறார்கள். அதைத்தான் ‘கவுன்சில் நம்பர்’ என்கிறார்கள்.

பாடத்திட்டம், சேர்க்கை தகுதி போன்றவற்றை நாடு முழுக்க ஒரே மாதிரி வகுத்தது, 1947-ம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். இதற்குப் பதிலாக தேசிய ஆணையம் அமைக்க 2023-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் புதிய சட்டம் நிறைவேறியது. பெயர் மாறினாலும் அடிப்படை விஷயம் மாறாது. பதிவு இல்லாதவர் நர்ஸ் இல்லை.

தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை தேர்வு செய்யும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் இந்த பதிவைத்தான் முதலில் கேட்கிறது. வளைகுடா நாடு, இங்கிலாந்து, அமெரிக்கா என்று எங்கே போக நினைத்தாலும் முதல் கேள்வி இதுதான்.

பதிவு கிடைக்கும் படிப்புகள் எவை?

ஒரு பெண் பிளஸ்-2 முடித்து விட்டு நர்ஸ் ஆக வேண்டும் என்றால் 3 வழிகள்தான் இருக்கின்றன. நாலாவது வழி என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும்.

* பி.எஸ்சி. நர்சிங்: 4 வருட பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகள் சென்னையில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. இந்தியாவில் இந்த பட்டப்படிப்பு 1946-ம் ஆண்டு தொடங்கிய முதல் இரண்டு இடங்களில் ஒன்று வேலூர் சி.எம்.சி. என்பது குறிப்பிடத்தக்கது.

* ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ நர்சிங்: 3 வருடம். முன்பு மூன்றரை வருடமாக இருந்தது. இதை முடித்தவர்கள் பதிவு செய்த பிறகு 2 வருட ‘போஸ்ட் பேசிக்’ படிப்பில் சேர்ந்து பி.எஸ்சி. பட்டமும் வாங்கலாம்.

* ஏ.என்.எம். எனப்படும் துணை நர்சிங்: 2 வருடம். கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் சுகாதார செவிலியர் வேலைக்கான அடிப்படை படிப்பு. ஒரு காலத்தில் 10-ம் வகுப்பு போதும் என்று இருந்தது. பிறகு பிளஸ்-2 கட்டாயம் ஆகி விட்டது. ஆகவே ‘10-ம் வகுப்பு பாஸ் போதும், நர்ஸ் ஆகலாம்’ என்ற போர்டு இருந்தால் அங்கேயே சாயம் வெளுத்து விடும்.

என்ன மார்க் வேண்டும்?

பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். இந்த 3 பாடங்களையும் சேர்த்து குறைந்தது 45 சதவீதம் மார்க் வேண்டும். அதாவது 300-க்கு 135. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம், அதாவது 300-க்கு 120 போதும். ஆங்கிலத்தில் தனியாக பாஸ் செய்திருக்க வேண்டும்.

இது விண்ணப்பம் போடுவதற்கான குறைந்தபட்ச மார்க் மட்டுமே. அரசு கல்லூரியில் இடம் கிடைக்க இதைவிட நிறைய வேண்டும். “135 இருந்தா அரசு காலேஜ் உறுதி” என்று யாராவது சொன்னால் அது கதை.

வயது, சேரும் வருடம் டிசம்பர் 31-ந்தேதியில் 17 நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்சம் 35. மருத்துவ தகுதிச் சான்றிதழும் தேவை. காலில் 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு விதியில் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை.

காமர்ஸ் குரூப் படித்தவர்கள் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது. ஆனால் அவர்கள் சோர்ந்து போக வேண்டியதில்லை. நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு எந்த குரூப் படித்திருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் மார்க் இருந்தால் தகுதி உண்டு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அரசு நர்சிங் பள்ளிகளில் சேர மாநில அரசு கூடுதல் நிபந்தனை வைக்கலாம். அந்தந்த வருட விளக்கக் கையேட்டை வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும்.

நீட் வேண்டுமா?

இந்த கேள்வியால் குழம்பாத வீடு இல்லை. தமிழக அரசு கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களுக்கும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ்-2 மார்க் அடிப்படையில்தான் நடந்து வந்திருக்கிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி, ரேங்க் பட்டியல் வெளியிட்டு, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கவுன்சிலிங் நடத்துகிறது.

ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் மார்க் தேவை. ராணுவ நர்சிங் கல்லூரிகளில் சேர விரும்பும் பெண்களுக்கும் நீட் வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்கள் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கின்றன. இந்த இடங்களை மனதில் வைத்திருப்பவர்கள் பிளஸ்-2 படிக்கும்போதே தயாராக வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் ஒரு வருடம் போய் விடும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

விண்ணப்பம் தொடங்கிய பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

* 10-ம் வகுப்பு, பிளஸ்-1, பிளஸ்-2 மார்க் சான்றிதழ்கள்

* மாற்றுச் சான்றிதழ் (டி.சி.)

* சாதிச் சான்றிதழ்

* இருப்பிடச் சான்றிதழ் (தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்களுக்கு முக்கியம்)

* வருமானச் சான்றிதழ்

* வீட்டில் முதல் முதலாக பட்டம் படிக்கப் போகிறவர் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ்

எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கவுன்சிலிங் அன்று கண்ணில் தண்ணீர் வந்து விடும்.

பணத்துக்கு என்ன வழி?

அரசு கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியாரில் அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு கட்டணம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வேறு கட்டணம். விடுதி, சீருடை, பஸ், புத்தகம் என்று தனித்தனியாக சேரும்போதுதான் தலை சுற்றும். ஆகவே முதல் வருட தொகையை மட்டும் கேட்காமல், 4 வருடத்துக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவ-மாணவிகளுக்கு குடும்ப வருமானம் 2½ லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசு பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ திட்டம் 2022-ம் ஆண்டும், மாணவர்களுக்கான ‘தமிழ்ப்புதல்வன்’ திட்டம் 2024-ம் ஆண்டும் தொடங்கப்பட்டன. தகுதி இருப்பவர்கள் கல்லூரியில் சேர்ந்ததுமே விசாரிக்க வேண்டும்.

வங்கியில் கல்விக்கடன் கேட்கலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கடன் கேட்டுப் போனால் மேனேஜர் முதலில் “கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கா?” என்றுதான் கேட்பார். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு கடன் கிடைக்காது. “பேங்க் லோன் எல்லாம் எதுக்கு, கேஷா கட்டுங்க, தள்ளுபடி தர்றோம்” என்று ஒரு நிறுவனம் சொன்னால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் 6 கேள்விகள்

1. படிப்பின் முழுப்பெயர் என்ன? பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். இந்த மூன்றில் ஒன்றா? ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டெண்ட்’, ‘அட்வான்ஸ்டு நர்சிங்’ என்று வாயில் நுழையாத பெயராக இருந்தால் அது வேறு.

2. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா? கவுன்சில் இணையதளத்திலேயே பார்க்கலாம். போர்டில் இருக்கும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா, ஊர் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். பெயரில் ஒரே ஒரு சொல்லை மாற்றி ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

3. பட்டப்படிப்பு என்றால் எந்த பல்கலைக்கழகம்? எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், அதன் இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியல் இருக்கிறது.

4. இந்த வருடத்துக்கு அனுமதி உண்டா, எத்தனை இடம்? 10 வருடத்துக்கு முந்தைய கடிதத்தை கண்ணாடி சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தால் போதாது.

5. பயிற்சிக்கு ஆஸ்பத்திரி எங்கே? நர்சிங் கல்லூரிக்கு குறைந்தது 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது கவுன்சில் விதி. மாடியில் 2 அறை, ஒரு பொம்மை, ஒரு கட்டில் வைத்துக்கொண்டு நர்சிங் சொல்லித்தர முடியாது. முடிந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் பார்த்து விட்டு வரலாம்.

6. போன வருடம் முடித்தவர்களுக்கு கவுன்சில் நம்பர் கிடைத்ததா? அவர்களில் 2 பேரிடம் பேசிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்து விடும்.

இந்த 6-ல் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் எழுந்து வந்து விடலாம். முக்கியமாக, ஒரிஜினல் சான்றிதழ்களை புரோக்கர் கையில் கொடுக்கவே கூடாது. சான்றிதழ் அவர்களிடம் மாட்டிக்கொண்டால், ஏமாந்தது தெரிந்த பிறகும் வேறு கல்லூரிக்கு போக முடியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

ஏற்கனவே சேர்ந்து விட்டவர்கள்?

உதவியாளர் படிப்பில் சேர்ந்து விட்ட மாணவிகள் பயப்பட வேண்டாம். வயது 35-க்குள் இருந்து பிளஸ்-2 தகுதியும் இருந்தால், அடுத்த வருடம் விண்ணப்பம் போட்டு அங்கீகாரம் உள்ள படிப்பில் சேர விதி அனுமதிக்கிறது. ஒரு வருடம் பழகிய கை, வார்டில் மற்றவர்களை விட சீக்கிரம் வேலையை பிடித்துக்கொள்ளும்.

நர்சிங் படிப்பும் சும்மா இல்லை. தியரி, பிராக்டிகல் இரண்டிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். பட்டம் வாங்குவதற்குள் பிராக்டிகல் நேரத்தை 100 சதவீதம் முடித்தாக வேண்டும். ஒரு நாள் லீவு போட்டாலும் இன்னொரு நாள் வந்து ஈடு செய்ய வேண்டும். ஊசி போடும் கையில் ஒரு உயிர் இருக்கிறது என்பதால்தான் இந்த கெடுபிடி. ‘காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது படிப்பு அல்ல, வெறும் காகிதம்.

பிளஸ்-2 மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளிக்கு ஒரு முறை போய் விசாரித்தாலே முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்து விடும். விசாரிக்க காசு வேண்டாம், பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு.